பவானிக் கரையில் தண்ணீர்க் கணக்கு

கோபிச்செட்டிபாளையத்துக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்காலின் கரைமீது செப்டம்பர் மாதத்தில் நடந்து போனால் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். ஒரு மதகுக்குக் கீழே நடவு முடிந்த வயல்கள் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. கூப்பிடு தூரத்தில் அடுத்த மதகு. அதன் கீழே சோளத்தட்டு, கடலைக்காய், நடுநடுவே தென்னை. வாய்க்கால் ஒன்றுதான்; மண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் மதகின் எண் ஒற்றைப்படை, அடுத்தது இரட்டைப்படை. இந்த வருடம் நெல் யாருக்கு, புஞ்சை யாருக்கு என்பதை அந்த எண்தான் தீர்மானித்திருக்கிறது. அடுத்த வருடம் அப்படியே மாறிக்கொள்ளும்.

பவானிசாகரிலிருந்து கரூர் மாவட்ட எல்லைவரை சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் இந்த வாய்க்காலின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க அணையில் தண்ணீர் கிடையாது. அதனால் ஆயக்கட்டைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை ஒரு பாதி, அதாவது 1,03,500 ஏக்கர், நெல் நடலாம். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை மறுபாதிக்கு. அப்போது கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிர்தான். தண்ணீரும் நாள் கணக்கு வைத்து விட்டு விட்டுத்தான் வரும். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகள் திறந்தால் சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயில் இரட்டைப்படை மதகுகள் திறக்கும். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் மதகைக் காக்கும் லஸ்கர். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல், தன் வீட்டு விசேஷத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார்.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது சொட்டுநீர்க் குழாயில் தொடங்கி அரசு மானியத்தில் முடிந்துவிடுகிறது. ஓர் ஆற்றை மேலிருந்து கீழ்வரை பின்தொடர்ந்து, அதன் தண்ணீர் யார் யார் கையில் எப்படியெல்லாம் மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குப் பவானியைவிடப் பொருத்தமான ஆறு தமிழ்நாட்டில் இல்லை. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய வாய்க்காலும், சுதந்திரத்தை ஒட்டிக் கட்டிய அணையும், 2024இல் ஓட்டத் தொடங்கிய பம்புகளும் ஒரே ஆற்றில் இருக்கின்றன.

தொடக்கம் பவானிசாகர். நீலகிரிப் பக்கத்திலிருந்து இறங்கி, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து, திரும்பவும் தமிழ்நாட்டுக்கு வரும் பவானியும், முதுமலைப் பக்கமிருந்து வரும் மோயாறும் சேருமிடத்தில் கட்டிய அணை. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் இதற்காக அலைந்த அலைச்சலை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். எட்டு கிலோமீட்டருக்கு நீளும் மண்கரை. மொத்த உயரம் 120 அடி. சேற்றுக்கென 15 அடியைக் கழித்து 105 அடி என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நாளிதழில் தினமும் வரும் அணையின் நீர்மட்டத்தை ஈரோட்டுக்காரர்கள் மஞ்சள் விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்கிறார்கள்.

அணையின் அடிவாரத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நெல் போகத்துக்கு வாய்க்காலில் வினாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் திறக்கிறார்கள். மொத்தம் 23.8 டி.எம்.சி. இதை 1,03,500 ஏக்கர்மீது சமமாகப் பரப்பினால் ஐந்தேகால் அடி உயரம் நிற்கும். புஞ்சைக்கு ஒதுக்குவது 12 டி.எம்.சி.; அது இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. நெல்லுக்கு ஒரு போகத்தில் தேவைப்படும் தண்ணீர் ஏறத்தாழ நாலடி என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள் சொல்கின்றன. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கும். அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? பொறியாளர்களின் ஏட்டில் அதற்குப் பெயர் இழப்பு. வாய்க்காலின் கீழே இருக்கிறவர்கள் அதைக் கசிவு என்கிறார்கள். இந்தப் பயணம் முழுக்க நான் அந்தக் கசிவின் பின்னாலேயே போனேன்.

*

ஒற்றைப்படை மதகின் கீழ் இருந்த ஒரு வயலில் கால் வைத்தேன். நட்டு மூன்று வாரம் ஆன பயிர். வயல்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. மம்முட்டியைத் தோளில் வைத்தபடி வரப்பில் வந்தார். வயலின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டிருந்தது. ஒரு அடி நீளம். கீழ்ப் பாதி முழுக்கத் துளை போட்டு மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருந்த சேற்றை வழித்தெடுத்திருக்கிறார்கள். வயலின் மேலே ஈரம் மட்டும்தான், தண்ணீர் நிற்கவில்லை. மண்ணில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. பார்த்த எனக்குப் பயிர் வாடிவிடுமோ என்று தோன்றியது.

“உள்ளார எட்டிப் பாருங்க” என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே தண்ணீர் மின்னியது. சோளத்தட்டு ஒன்றை ஒடித்து உள்ளே விட்டு எடுத்து, ஈரம் பட்ட இடத்தை விரலால் அளந்து காட்டினார். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மடை திறக்க வேண்டியதில்லை. இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்குக் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்ப்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. எப்போது காய்ந்தது போதும் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு குழாய் கிடைத்ததுதான் புதுசு. நிலத்தடியில் வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனசில் பயம் போய்விடுகிறது.

இப்படிச் செய்தால் பாய்ச்சும் தண்ணீரில் கால் பங்குவரை குறையும். தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும் சேற்றில் காற்றில்லாமல் உருவாகும் மீத்தேனும் பாதியளவு வரை குறையும். விளைச்சலில் இழப்பில்லை. இத்தனை நன்மையும் இருக்க, அந்த மதகின் கீழ் இந்தக் குழாய் இருந்தது அவர் ஒருவர் வயலில் மட்டும். ஏன் என்று கேட்டேன்.

“நான் மடையை அடைச்சா எனக்கு என்னங்க மிச்சம்? தண்ணி பக்கத்து வயலுக்குப் போகும். அவரு கட்டி நிறுத்துவாரு. இன்னைக்கு வேண்டாம்னு விட்டுட்டா நாளைக்கு வாய்க்கால்ல வருதோ இல்லையோன்னு எல்லாருக்கும் பயந்தான்.”

பாசனத்தின் பிரச்சினை முழுவதையும் அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தண்ணீர் நாளை நிச்சயம் வரும் என்று தெரிந்தால்தான் மனிதன் இன்று மடையை அடைப்பான். வயலுக்கு வயல் பாயும் இடத்தில் மேல்வயல்காரர் குடித்துத் தீர்த்தால்தான் கீழ்வயலுக்கு. அங்கே ஒருவர் மட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் கடைப்பிடிக்க முடியாது. ஒரு கிளை வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பதினான்கு நாள் நாற்றை ஒவ்வொன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடும் ஒற்றை நாற்று நடவும் இந்தப் பக்கம் வந்து பரவி, பிறகு ஆள் கிடைக்காத காரணத்தால் பல இடங்களில் தேய்ந்தது. களையெடுக்கும் கோனோவீடர் உருட்ட ஆள் கூலி, கயிறு பிடித்து நட ஆள் கூலி. தண்ணீரைச் சேமிக்கும் வழிகள் பலவும் உழைப்பைச் செலவழிக்கின்றன என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வழியில் பவானியின் குறுக்கே உள்ள கொடிவேரி அணையில் நிற்காமல் யாரும் போக முடியாது. விடுமுறைக் கூட்டம், வறுத்த மீன் வாசனை, அருவிபோல விழும் தண்ணீரில் குழந்தைகள். இந்த அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கரைப் பாய்ச்சுகின்றன. பழைய பாசனம் என்பதால் இவர்களுக்கு உரிமை முதலில், கீழ்பவானிக்காரர்களுக்குப் பிறகு. அந்த மூப்பு வரிசையில் எத்தனையோ வழக்கு. அதற்குள் நான் போகவில்லை.

*

சென்னிமலைப் பக்கம், வாய்க்காலுக்கு மேல்புறம் ஏறினால் நாடே வேறு. கொங்கு நாட்டில் நிலத்தை நஞ்சை, தோட்டம், மேட்டாங்காடு என்று மூன்றாகச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரில் விளைவது தோட்டம். வானத்தை நம்பியது காடு. மாடு கட்டிக் கவலை பூட்டி, சாலில் தண்ணீர் இறைத்த காலத்தில் எண்பதடிக் கிணறு ஒன்று ஐந்தாறு ஏக்கரைக் காப்பாற்றியது. இன்று அந்தக் கிணறுகள் பலவும் போர்வெல் தண்ணீரை ஊற்றி வைக்கும் தொட்டிகளாகிவிட்டன. போர் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. கீழே இருப்பது கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய தண்ணீர் அது. ஒரு மழைக்காலத்தில் திரும்ப நிறைந்துவிடக் கூடியது இல்லை.

ஒரு தோட்டத்தில் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் சொட்டுநீரில் நின்றன. தோட்டத்தை நடத்துவது ஓர் அம்மா; கணவர் திருப்பூரில் வேலை. “வாங்க, அந்த ஓரமா நடங்க, பைப்பை மிதிச்சிராதீங்க” என்று அழைத்துப் போனார். மேட்டுப்பாத்தி, அதன்மேல் இரண்டு வரிசை மஞ்சள், நடுவில் கறுப்புக் குழாய். இடுப்பளவு இலையை ஒதுக்கிக் குனிந்து, ஒவ்வொரு சொட்டுவாயின் அடியிலும் மண்ணை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஈரமில்லாத இடம் வந்ததும் நின்றார். சொட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. குழாயின் கடைசிக்குப் போய் மூடியைக் கழற்றிவிட்டார். செம்பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் பீறிட்டு, பிறகு தெளிந்தது. மூடியைப் போட்டுத் திரும்பிவந்தபோது சொட்டு விழத் தொடங்கியிருந்தது. ஒரு சொட்டுவாய் மணிக்கு நாலு லிட்டர் தரும்; அடைத்தால் அந்த இடத்துச் செடி இரண்டு நாளில் சொல்லிவிடும் என்றார். எப்போதாவது அமிலம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அணில் கடித்த இடங்களில் வெட்டி ஒட்டுப்போட்ட அடையாளம் வரிசைக்கு வரிசை தெரிந்தது. தாகத்துக்குத் தண்ணீர் தேடித்தான் அணில் கடிக்கிறது என்று, குழாயோரம் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்திருந்தார்.

சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். இது நல்ல காரியம். மேட்டாங்காட்டில் அது இல்லாவிட்டால் விவசாயமே இல்லை. போட்டுக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் சரியில்லை. வடிகட்டி கெட்டுப்போய், குழாய் சுருட்டி மரத்தடியில் கிடக்கும் தோட்டங்களையும் வழியில் பார்த்தேன். அந்த அம்மா தினமும் சாயங்காலம் குனிந்து நடக்கும் நடையில்தான் அந்த மானியப் பணம் உயிரோடு இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் மிச்சமாகிறது என்று கேட்டேன். முகம் மலர்ந்து சொன்னார்: “முந்தி ரெண்டு ஏக்கருக்கே மோட்டாரு போதாதுங்க. இப்ப அதே தண்ணியில மூணரை ஏக்கர் வெச்சிருக்கறனுங்க.”

அவருக்கு அது முன்னேற்றம். அதில் எனக்கும் சந்தோஷம்தான். பாறைக்குள்ளிருந்து வெளியே வரும் தண்ணீரின் அளவோ ஒரு குடம்கூடக் குறையவில்லை. இன்னும் கவனித்தால், முன்பு பாத்தியில் இறங்கிக் கொஞ்சமாவது கீழே போன தண்ணீரும் இப்போது இலை வழியாக ஆவியாகிவிடுகிறது. 2017இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கை உலகத்தின் பல நாடுகளை எடுத்துக்கொண்டு இதையேதான் காட்டியது. எடுக்கும் தண்ணீருக்கு ஒரு வரம்பு கட்டாமல் நவீனப் பாசனக் கருவியை மட்டும் கொடுத்தால், விளைச்சல் கூடுகிறது. ஆற்றிலும் நிலத்தடியிலும் தண்ணீர் மிஞ்சுவதில்லை. நம் ஊரில் விவசாய மின்சாரம் இலவசம். அந்தச் சலுகையைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தலைமுறை விவசாயிகளைக் கடனிலிருந்து காத்தது அது. ஆனால் ஊருக்கு இத்தனை போர்தான், இந்தக் கோடைக்கு இவ்வளவு ஏக்கர்தான் என்று ஊராரே கூடி முடிவு செய்யும் பேச்சு எங்கேயாவது தொடங்கியாக வேண்டும். மதகுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று முறை வைத்துப் பல பத்தாண்டுகளாக அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும் மக்கள் இவர்கள். கிணற்றுக்கு மட்டும் முறை வைக்க முடியாது என்பதை நான் நம்பமாட்டேன்.

*

மேட்டிலிருந்து இறங்கி வெள்ளோடு வந்தேன். இங்கே பெரியகுளத்தில் ஒரு பறவைகள் சரணாலயம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டமாக வரும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் கரையில் இருந்த கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இந்தக் குளம் சேர்ந்தது. மழை போக இதற்குத் தண்ணீர் வருவது கீழ்பவானி வாய்க்காலிலிருந்தும் அதன் கசிவிலிருந்தும்தான். ஏட்டில் இழப்பு என்று எழுதப்பட்ட தண்ணீர் இங்கே பறவைகளுக்கு வீடாக நிற்கிறது.

பறவைகளோடு நிற்கவில்லை. வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் எந்தத் தோட்டத்தில் நுழைந்தாலும் கிணற்றை எட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தண்ணீர் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்கு எட்டும் ஆழத்தில் தண்ணீர். இரட்டைப்படை மதகுக்காரர்களுக்கு இந்தப் போகத்தில் வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. அவர்கள் மஞ்சளையும் தென்னையையும் காப்பாற்றுவது இந்தக் கிணறுகளால்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாகச் சண்டையில்லாமல் ஓடுகிறது என்றால் அதற்கு அடியில் தாங்கி நிற்பது மண்வாய்க்காலின் கசிவு. முறை இல்லாத பாதிக்கும் அது ஒளிவாகப் பங்கு கொடுத்துவிடுகிறது. கூலிக்கு வருகிறவர்களின் குடிநீர், ஆட்டு மாட்டுத் தண்ணீர், எல்லாம் அதிலேயே அடக்கம்.

இந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளமும் பக்கச் சுவரும் போட வேண்டும் என்று 2020இல் அரசாணை வந்தது. சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டம். அன்றிலிருந்து இந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. போடாதே என்பவர்கள் கரையோரக் கிணற்றுக்காரர்கள், கசிவுநீரில் பாசனம் செய்பவர்கள். போடு என்பவர்களில் பெரும்பாலோர் கடைமடைக்காரர்கள். உண்ணாவிரதம், நீதிமன்றம், பேச்சுவார்த்தை என்று நீண்டு, 2023இல் வேலை தொடங்கியபோது கொதிப்பு உச்சத்துக்குப் போனது.

கடைமடைக்காரர்களின் கோபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. திறந்த தண்ணீர் 200 கிலோமீட்டர் கடந்து அவர்களைச் சேர வாரங்கள் ஆகின்றன. தலைமடையில் கரை உடைந்தால் மொத்த வாய்க்காலும் நிற்கும். அப்படி நின்றும் இருக்கிறது. எழுபது வயதான மதகுகளும் பாலங்களும் பழுதாகித்தான் இருக்கின்றன. பலவீனமான கரையையும் மதகையும் குமிழியையும் செப்பனிடுவதை யாரும் எதிர்க்கவும் இல்லை. நான் பார்த்தவரையில், கடைமடையில் தண்ணீர் குறைவதற்குக் கசிவு மட்டும் காரணம் இல்லை. வாய்க்கால் கரையில் குழாய் இறக்கி உறிஞ்சும் மோட்டார்களைப் பகலிலேயே பார்க்கலாம். அவற்றைக் கான்கிரீட் தடுக்காது. கரையெங்கும் கான்கிரீட் போட்டால் மிச்சமாகும் தண்ணீர் ஆயிரக்கணக்கான கிணறுகளிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அந்தக் கிணற்றுக்காரர்கள் போர் போடுவார்கள், மேட்டாங்காட்டுக் கதை வாய்க்கால் கரைக்கும் வரும். அதனால் இந்த விஷயத்தில் நான் மண்வாய்க்கால் பக்கம்.

*

பவானி நகரில், ஆறு காவிரியோடு சேரும் கூடுதுறைக்குச் சற்று மேலே, காலிங்கராயன் அணைக்கட்டு. பாண்டியர்களின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட காலிங்கராயன், வெள்ளோட்டுச் சாத்தந்தை குலத்தைச் சேர்ந்தவர். 1271இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு வேலை நடந்தது என்று வரலாறு. பவானியில் புறப்பட்டு, காவிரிக்கு இணையாகவே வளைந்து வளைந்து 56 மைல் ஓடி, கொடுமுடி தாண்டி ஆவுடையாபாறை அருகே நொய்யலில் சேர்கிறது. நேராக வெட்டினால் இந்தத் தூரம் வேண்டியதில்லை. பாம்பு போன வழியில் வெட்டினார் என்று ஊர்க்கதை. நிலத்தின் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனதால் வந்த வளைவு அது. தண்ணீர் நிதானமாக நடக்கிறது, கரையை அரிப்பதில்லை, வளைவுக்கு வளைவு இன்னும் கொஞ்சம் நிலம் பாசனத்துக்குள் வருகிறது. தன் சாதிசனம் வாழத்தான் வாய்க்கால் வெட்டினார் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தத் தண்ணீரை என் வம்சம் தொடாது என்று சொல்லி அவர் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்றும் சொல்கிறார்கள்.

15,743 ஏக்கரில் மஞ்சள், கரும்பு, வாழை, நெல். மேலே இருக்கும் கீழ்பவானிப் பாசனத்தின் வடிநீரும் ஓடைகள் வழியாக இதில் வந்து விழுகிறது. ஒரே தண்ணீர் இரண்டாம் முறை வேலை செய்கிறது. ஈரோடு நகருக்குள் மட்டும் இதைப் பார்க்க மனம் வரவில்லை. சாயக் கழிவும் தோல் கழிவும் சாக்கடையும் கலந்து பல ஆண்டு இது நாறிக் கிடந்தது. கழிவை வாய்க்காலில் சேரவிடாமல் தனியாகக் கொண்டுபோக அதன் ஓரமாகவே ‘பேபி கால்வாய்’ வெட்டினார்கள். அதிலும் இப்போது பிளாஸ்டிக் குப்பை அடைத்து, இடையிடையே வழிந்து வாய்க்காலுக்குள்ளேயே விழுகிறது. கெட்டுப்போன தண்ணீர் எவ்வளவு இருந்தும் என்ன பயன்? சிக்கனக் கணக்கில் இதை யாரும் இழப்பு என்று எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்து பவானிக் கரையில் திரும்பக் கிடைக்காத இழப்பு இது ஒன்றுதான்.

இதே அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்துதான் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தின் பம்புகள் உபரி நீரை ஏற்றுகின்றன. அறுபது ஆண்டுக்கும் மேலாக மக்கள் கேட்டுப் போராடிய திட்டம். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆறு நீரேற்று நிலையங்கள். ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. தண்ணீரைக் குழாய் வழியே மேட்டுக்குக் கொண்டுபோய் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளில் நிரப்புகிறார்கள். செலவு 1,916 கோடி. நிரப்பிய தண்ணீரிலிருந்து நேரடிப் பாசனம் பெரிதாகக் கிடையாது. குளத்தில் நின்று கீழே இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற வேண்டும் என்பதுதான் நோக்கம். அதாவது கசிய வேண்டும் என்பதற்காக. வறண்ட மேட்டில் கசியவைக்க 1,916 கோடி கொடுத்த அரசாங்கமே, சில மைல் தள்ளி, பைசா செலவில்லாமல் கசிந்துகொண்டிருக்கும் வாய்க்காலை அடைக்க 710 கோடி ஒதுக்கியது. இரண்டு கோப்புகளும் ஒரே துறையில் ஓடின. அவிநாசிக்காரர்களுக்குத் தண்ணீர் போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதே கண்ணால் கீழ்பவானியையும் பார்த்திருந்தால் இந்த மாவட்டம் இத்தனை ஆண்டு இரண்டுபட்டு நின்றிருக்காது.

*

கருங்கல்பாளையம், பாசூர், ஊஞ்சலூர் என்று வாய்க்கால் போன வழியிலேயே கொடுமுடிக்குத் தெற்கே வந்தேன். கடைமடையில் நொய்யல் பக்கத்தில் இருக்கிறது. திருப்பூர்ச் சாயத் தண்ணீரால் அந்த ஆறு பட்ட பாடு தெரிந்ததே. 1992இல் அதன் குறுக்கே பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை விஷத் தொட்டியாகி, கடைசியில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த ஆற்றோரத்தில் காலிங்கராயன் வாய்க்காலின் கடைசி வயல்களில் நல்ல தண்ணீர் வருவதே இந்த மக்களுக்குப் பெரிய ஆறுதல்.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவரோடு மதகடியில் பேசினேன். கான்கிரீட் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மதகின் பக்கத்தில் நட்டிருந்த அளவுகல்லைக் காட்டினார். அடிக்கோடுகள் தேய்ந்துவிட்டன, பாசி மூடியிருந்தது. தண்ணீரில் இறங்கி, தேங்காய் நாரால் தேய்த்தார். மூன்று என்ற எண்ணும் அதற்குக் கீழே இரண்டு கோடும் மங்கலாகத் தெரிந்தன.

“அணைக்கட்டுல எத்தனை அடி விடறாங்க, ஈரோட்டுல எத்தனை, பாசூருல எத்தனை, இங்க எத்தனை. நாலு எடத்துல கல்லுக்குப் பெயிண்டு அடிச்சு, தினமும் காலையில அந்த நாலு நம்பரையும் ஆயக்கட்டுக்காரங்க போன்ல போடச் சொல்லுங்க. எந்த எடத்துல தண்ணி காணாமப் போகுதுன்னு நாங்களே சொல்லிப் போடறம். அதுக்கப்புறம் எங்க கான்கிரீட் வேணும், எங்க வேண்டாம்னு பேசலாம்.”

இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நாலு வரி மனு. பெயிண்டுக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவையும் கடைசி வரியில் அவரே கூட்டிப் போட்டிருந்தார். அடுத்த தண்ணீர்த் திறப்புக்கு முன்னால் முடித்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்திக்கு மடை திருப்பப் போனார்.